திரைச்சீலையின் தெருப்பக்கம்

“மேடம், கர்ட்டனைக் கழட்டணும். இன்னைக்கே ஆள் அனுப்புங்க.”

போனில் கவிதா, சில நாள் முன்பு நாங்கள் கர்ட்டன் மாட்டிக் கொடுத்த வீட்டுக்காரர். இந்த வேலையில் என்ன தப்பு நடந்தாலும் அது என் தப்பாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைப்பவள் நான். அளவு குறைந்துவிட்டதா? ராடு பெயர்ந்து அவர் குழந்தை மேல் விழுந்துவிட்டதா? எனக்கும் வீட்டில் இரண்டு வயதுப் பெண் இருப்பதால், எதைக் கேட்டாலும் முதலில் குழந்தைக்கு அடிபடும் காட்சிதான் மனதில் ஓடும்.

“பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“அதெல்லாம் இல்ல. கர்ட்டனும் நல்லாத்தான் தொங்குது. நீங்களே வாங்க. சாயங்காலம் லைட் போட்டப்புறம் வாங்க. வந்தா உடனே உள்ள வராதீங்க. தெருவுல நின்னு ஒரு தடவை பாருங்க.”

மதுரையில் ஒரு பர்னிஷிங் ஷோரூமில் நான் கன்சல்டன்ட். ஹோம் சயின்ஸ் படித்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போய் ஜன்னலை அளப்பது, சுவர் நிறம் பார்ப்பது, சோபாவுக்கும் கர்ட்டனுக்கும் துணி தேர்ந்தெடுக்க உதவுவது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குத் துணியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும்.

துணி எடுத்த அன்று

கவிதா ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். கணவர் சரவணனுக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. நகருக்கு மேற்கே, நாலுவழிச் சாலையைத் தாண்டி, ஒரு பழைய ஊரை ஒட்டிப் போட்ட பிளாட்டில் லோன் வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். இருவர் குடும்பத்திலும் சொந்த மனையில் வீடு கட்டியவர்கள் இவர்கள்தான் முதல் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

நான் கேட்லாக்கைப் பிரித்ததும் முதலில் மயில் கழுத்து நிறத்தில் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

“வேணாம். கண்ணை உறுத்தாத மாதிரி குடுங்க. யாரும் பாத்து ஒண்ணும் கேக்கக்கூடாது.”

நான் ஏழெட்டு சாம்பல் நிறங்களைக் காட்டினேன். நெசவிலேயே டிசைன் வரும் ஒரு ஜக்கார்ட் துணி அவருக்குப் பிடித்தது. சாம்பல் நிறத்தில் முழ அகலக் குறுக்குப் பட்டைகள். ஒரு பட்டைக்குள் ஒரு நிற நூலும் அடுத்த பட்டைக்குள் வேறு நிற நூலும் லேசாக எட்டிப் பார்க்கும். ஹால் சுவரோடு வைத்துப் பார்த்தோம். சோபா துணியோடு வைத்துப் பார்த்தோம். சரவணனுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினோம். ‘சூப்பர்’ என்று பதில் வந்தது. காற்று வர வேண்டும் என்பதால் பின்பக்கம் லைனிங் துணி வைக்காமலே தைக்கச் சொன்னார். மாடி, கீழே எல்லா ஜன்னலுக்கும் அதுவே. ஃபிட்டர் சேகர் அண்ணன் பகலில் போய் மாட்டிவிட்டு வந்தார்.

எல்லாம் சரியாக இருந்தது. நான் மூன்று தடவை சரிபார்த்தேன். மூன்று தடவையும் வீட்டுக்குள் நின்றுதான் பார்த்தேன்.

தெருவில் நின்றபோது

கவிதா போன் செய்த அன்று, சேகர் அண்ணன் வண்டியில் ஏணியோடு வர, நான் ஸ்கூட்டியில் போனேன். விளக்குப் போடும் நேரம். தெரு முனை திரும்பியதுமே வண்டியை நிறுத்திவிட்டேன்.

ஜக்கார்ட் துணியில், முன்பக்கம் மறைந்த நூலெல்லாம் பின்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் லேசாக எட்டிப் பார்த்த இரண்டு நிறங்களும் தெருவைப் பார்த்த பின்பக்கம் முழுதாக, பளிச்சென்று, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. பின்னால் டியூப் லைட் எரிய, அந்த வீட்டின் எல்லா ஜன்னல்களிலும் அவை ஜொலித்தன.

அவை என்ன நிறங்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. தனித்தனியே அழகான நிறங்கள்தான். சேர்த்து வைத்தால் எங்கள் பக்கத்தில் அது ஒரு சாதியின் அடையாளம். பள்ளிப் பையன்கள் கையில் கட்டும் கயிற்றில், பைக்கின் நம்பர் பிளேட்டில், கம்பத்தில், பிளெக்ஸில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மதுரைக்காரி யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

சேகர் அண்ணன் ஏணியைத் தோளிலிருந்து இறக்கினார்.

“ஆத்தாடி. என்ன மேடம் இது, கட்சி ஆபீஸ் மாதிரி இருக்கு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டு வாசலில், அதே இரண்டு நிறத்தில் ஒரு சிறிய கொடி செருகியிருந்தது. தெருவில் பல வீடுகளில் இருந்தது.

உள்ளே போனதும் கவிதா கதவைச் சாத்தினார். சரவணனும் வீட்டில் இருந்தார். மெதுவாகத்தான் பேசினார். கர்ட்டன் மாட்டிய மறுநாளே எல்லாம் மாறிவிட்டதாம். பல தடவை கூப்பிட்டும் வராத பிளம்பர் தானாக வந்து குழாயைச் சரி செய்தார். தெருக்கோடியில் நிற்கும் தண்ணி லாரி இவர்கள் வாசலுக்கே வந்தது. பக்கத்து வீட்டம்மா முருங்கைக்காய் கொடுத்துவிட்டு, “நம்மாளுகன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதாத்தா” என்று கன்னத்தைத் தடவினாராம். பிறகு ஊர்த் திருவிழாக் குழுப் பையன்கள் நோட்டீஸோடு வந்திருக்கிறார்கள்.

“எல்லாரும் சிரிச்சப்ப எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு புரியல மேடம். இவரு ஷிப்ட் முடிஞ்சு வந்து தெருவுல நின்னு பாத்துட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாரு. எங்க அப்பாவெல்லாம் இந்த மாதிரி ஊருக்குள்ள செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனவரு. நாங்க அவுங்க ஆளு இல்ல.”

ஒரு துணி என்று நினைத்தேன். அது இந்த வீட்டைப் பற்றித் தெரு முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு தொங்கியிருக்கிறது.

“கழட்டிரலாம்” என்றேன்.

“கழட்டுனா, ஏன் கழட்டுனேன்னு கேப்பாங்களே” என்றார் சரவணன். “மாட்டுனது கூடப் பரவால்ல. கழட்டுனாத்தான் அவுங்களுக்குக் கோவம் வரும்.”

நாங்கள் மூவரும் ஒரு பொய் தயாரித்தோம். துணியில் கோளாறு, கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்கிறது. பழி எங்கள் கடை மேல். அதற்கு எனக்கு அதிகாரம் இருக்கிறதா, முதலாளி ஒத்துக்கொள்வாரா என்றெல்லாம் உள்ளே கணக்கு ஓடியது. இருந்தாலும் சரி என்றேன்.

வாசலில்

சேகர் அண்ணன் ஏணியைச் சாத்தும்போதே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் பாண்டி, திருவிழாக் குழுவைச் சேர்ந்தவர், இருபத்தைந்து வயதிருக்கும். பின்னால் அவர் நண்பர். இருவரும் போர்ட்டிகோ படியில் உரிமையோடு உட்கார்ந்தார்கள். கவிதா வழக்கம்போல் காப்பி போட உள்ளே போனார்.

“என்னண்ணே, ஏணியெல்லாம் வந்திருக்கு?” என்றார் பாண்டி.

நான் முந்திக்கொண்டேன். “துணியில கோளாறு தம்பி. சாயம் நிக்காது. நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம்.”

“அம்புட்டுத்தானா? அப்ப அதே கலர்ல புதுசு மாட்டிருங்க. காசு கூடக் கேட்டா நாங்க தாரோம். என்ன மாப்ள?”

“பின்ன?” என்றார் நண்பர். “நாங்கெல்லாம் வாசல்லதான் கொடி வச்சோம். அண்ணன் ஜன்னலு ஜன்னலுக்கு வச்சுட்டாரு. எங்கப்பா வேலைக்குப் போகையில ஒரு தடவ, வரையில ஒரு தடவ நின்னு பாத்துட்டுப் போறாரு.”

அவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, பாசமான சிரிப்பு. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பாண்டி என் பக்கம் திரும்பினார்.

“நீங்க எந்த ஊருக்கா?”

“பழங்காநத்தம்.”

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சரவணனிடம் போனை நீட்டினார். திருவிழா பிளெக்ஸின் மாதிரி. வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம்.

“உங்க பேரு இங்க வருதுண்ணே. பேருக்குப் பின்னால எப்படிப் போடுறது?”

“சரவணன்னு மட்டும் போடுங்க தம்பி.”

“அது எப்படிண்ணே? எல்லாருக்கும் போட்டுட்டு உங்களுக்கு மட்டும் விட்டா, எங்களையில்ல பெருசுக வையும்?”

சரவணன் அந்தப் பெயர்களைத் திரும்பப் படித்தார். “சரி... நீங்களே...” என்று இழுத்தார். அவர் ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நான் நினைத்தேன். ஒத்துக்கொள்ளட்டும், இன்றைக்குத் தப்பித்தால் போதும் என்றுகூட நினைத்தேன்.

கவிதா காப்பித் தட்டோடு வந்தார். ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். பிறகு வகுப்பில் கணக்குச் சொல்வது போல, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார்.

“பின்னால ஒண்ணும் போடாதீங்க தம்பி. நாங்க உங்க ஆளுக இல்ல. கர்ட்டன் தெரியாம அமைஞ்சுபோச்சு.” பிறகு, தங்கள் சாதி எது என்பதையும் ஒரே சொல்லில் சொன்னார்.

சேகர் அண்ணன் ஏணி மேல் அப்படியே நின்றார். நான் பாண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தேன். டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றிருந்தது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

“சூடு ஜாஸ்தியா இருக்குக்கா. ஆறட்டும்.”

டம்ளரைப் படியில் வைத்தார். நண்பரும் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே வைத்தார். இருவரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள்.

“வாரோம்க்கா. வாரோம்ண்ணே.”

அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு டம்ளரிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது. காப்பியில் ஆடை படியும் வரை கவிதா அங்கேயே நின்றார்.

“முந்தாநேத்து இதே பையன்தான், காப்பி நல்லாருக்குக்கா, இன்னொண்ணு தாங்கன்னு கேட்டு வாங்கிக் குடிச்சான்” என்றார். பிறகு மேலே பார்த்து, “நீங்க கழட்டுங்கண்ணே.”

இப்போது

துணியை எங்கள் முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். சேகர் அண்ணன் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். நான் மட்டும் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் துணியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அந்த டம்ளர்கள் படியில் இருந்திருக்காது என்று ஒரு சமயம் தோன்றும். நான் பார்த்திருந்தால் மட்டும் அந்தத் தெரு வேறு தெருவாகவா இருந்திருக்கும் என்று இன்னொரு சமயம் தோன்றும்.

புதிதாக வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். துணியைத் திருப்பிப் பாருங்கள். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மாட்டிய பிறகு, விளக்குப் போட்ட நேரத்தில் தெருவில் போய் நின்று பாருங்கள். உள்ளே இருப்பவருக்கு அது அலங்காரம். வெளியே நிற்பவர் அதை வேறு விதமாகப் படிப்பார். எங்கள் கடையில் இப்போது எல்லா ஜக்கார்டுக்கும் வெள்ளை லைனிங் சேர்த்துத்தான் கொட்டேஷன் போடுகிறேன்.

புதுத் துணிக்காக மறுபடி கவிதா வீட்டுக்குப் போனேன். சண்டை எதுவும் வந்திருக்கவில்லை. தண்ணி லாரி பழையபடி தெருக்கோடியில் நின்றுவிடுகிறதாம். பக்கத்து வீட்டம்மா பார்த்தால் சிரிக்கிறாராம், ஆனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று.

நான் சாம்பல் நிறக் கேட்லாக்கைத்தான் எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. மொபைலில் ஒரு படம் காட்டினார். பெரிய பெரிய பூக்கள் போட்ட துணி, தூரத்தில் வரும்போதே கண்ணில் அடிக்கும்.

“லைனிங் போட்டுருவோம்ங்க. செலவு எங்களோடது” என்றேன்.

“போட்டா வெளியில என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. வெறும் வெள்ளை.”

“வேணாம் மேடம்” என்றார் கவிதா. “எல்லாந்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே பூவும் தெரியட்டும்.”