மெலனீ என்று பெயர் வைத்தோம்

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் மானாம்பதியிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பிழைக்கப் போயிருந்தோம். பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் சில பிரெஞ்சுக் குடும்பங்கள் அங்கேயே தங்கியிருந்தன. அவருக்குக் கொத்து வேலை. எனக்கு அப்படி ஒரு குடும்பத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்தப் பெண்குழந்தையின் பெயர் மெலனீ. ரொம்பப் பழைய பெயராம். இப்போதெல்லாம் பாரிசில் யாரும் வைப்பதில்லை என்று அதன் அம்மா அரைகுறைத் தமிழில் சொல்வார். சாயங்காலம் தோட்டத்தில் நின்று அவர் குழந்தையைக் கூப்பிடும்போது கடைசி எழுத்து மட்டும் மேலே ஏறிப் போகும். கூப்பிடுகிறாரா, பாடுகிறாரா என்று தோன்றும். எனக்குப் பெண் பிறந்தால் இதுதான் பெயர் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிரசவத்துக்கு ஊருக்கு வந்தேன். பெண்தான். நல்ல கருப்பு, சுருட்டை முடி. ஞானஸ்நானத்துக்காகப் பங்குச் சாமியாரிடம் பெயரைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“புனிதையின் பெயர்தான். ரோமாபுரியில் பெரிய பணக்காரி, இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தவள். அவள் பெயர்தான் பிரான்சுக்கும் போனது. அர்த்தம் தெரியுமா அம்மா? கிரேக்க பாஷையில் கருப்பி.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. குழந்தையின் நிறத்தைப் பார்த்து ஏற்கெனவே சிலர் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“வேற பேரு வெச்சிக்கலாம் சாமி” என்றேன்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. “இன்னாமே நீ? வயித்துல கீறப்பவே இந்தப் பேரச் சொல்லிக்கினு இருந்த. வெள்ளக்காரனே அவன் பொண்ணுக்குக் கருப்பின்னு ஆசையா வைக்கிறான். நாம வைக்கக் கூடாதா?”

அந்தப் பெயரையே வைத்தோம்.

பிறகு ஊரிலேயே தங்கிவிட்டோம். அடுத்த நடவுக்குக் கழனியில் இறங்கினேன். எனக்குப் பக்கத்தில் எப்போதும் நடுகிறவள் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. அவளைக் காலனியில் எல்லாரும் கருப்பி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

“இன்னாக்கா பேரு அது, வாயில நொழையல” என்றாள்.

சாமியார் சொன்ன அர்த்தத்தைச் சொன்னேன். நாற்றுக்கட்டோடு நிமிர்ந்துவிட்டாள்.

“அப்போ பிரான்சுல என்னை இன்னான்னு கூப்பிடுவாங்க?”

“மெலனீன்னுதான்.”

“இனிமே எவளாவது கருப்பின்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு, சேற்றில் நின்றபடியே அந்தப் பெயரை நாலைந்து விதமாக இழுத்துப் பார்த்தாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

சொன்னபடியே செய்தாள். கருப்பி என்று கூப்பிட்டவர்களுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அவள் திரும்பவில்லை. முதலில் கேலியாகத்தான் மெலனீ என்றார்கள். அறுப்பு வருவதற்குள் அதுவே பழகிவிட்டது. கழனிக்காரர் வீட்டு அம்மாவே கூழ் ஊற்றும்போது, “எங்க அந்த மெலனி, இன்னும் கரையேறலையா?” என்று கேட்டார். அன்றைக்கு இவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

என் பெண் நடக்க ஆரம்பித்த பிறகு எனக்குத்தான் சங்கடம். வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டால், அடுத்த வீட்டிலிருந்து, “இதோ வந்துட்டேன்க்கா!” என்று இவள் வந்து நிற்பாள். வேண்டுமென்றேதான் வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். வந்தவளை வெறுமனே அனுப்ப முடியுமா? இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு, பொழுது சாய்கிற வரை பேசிக்கொண்டிருப்போம்.