ஆர்வோவின் ஒற்றைக் காலுறை

தைஸ்தோவின் ட்ரோன் தினமும் ஆர்வோவின் நீராவிக் குளியலறையை எட்டிப் பார்க்கிறதாம். கடைக்காரி இர்யா சொன்னாள். பின்லாந்தின் வடகோடியில் ஜனவரி மாதம் பேச வேறு விஷயமும் இல்லை. விசாரித்ததில், பறப்பது உண்மை, பார்ப்பதும் உண்மை. குளியலறை மட்டும் பொய். எழுபத்தொரு வயது ஆர்வோ துணியில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒருவர் ட்ரோன் வாங்குவாரா என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

தைஸ்தோ பார்த்தது புகைபோக்கியை.

ஏரிக்கு இந்தக் கரையில் அவர், அந்தக் கரையில் ஆர்வோ. இருவருமே தனிக்கட்டை. இருபது வருஷம் ஒன்றாக மின்கம்பம் ஏறியவர்கள். உறைந்த ஏரியில் யார் தோண்டிய குழியில் யார் தூண்டில் போட்டார் என்ற தகராறில் பேச்சு நின்று பதினோரு வருஷம். பேசாத ஆளிடம் போய், உயிரோடு இருக்கிறாயா என்று எப்படிக் கேட்பது? புகை வந்தால் அடுப்பு எரிகிறது. அடுப்பு எரிந்தால் ஆள் இருக்கிறார். குளிரில் சக்தி இறங்காமலிருக்க, ட்ரோன் பேட்டரியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தைஸ்தோ காபி குடிப்பார். வெளிச்சம் வந்ததும், பனி ஒட்டாமலிருக்க ஒரு பலகை மேலிருந்து ட்ரோனைக் கிளப்புவார். திரையில் புகை தெரிந்ததும் திருப்பிவிடுவார். அன்றைக்கு அவருக்கு வேறு சேதி எதுவும் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மைனஸ் இருபத்தேழு. புகை இல்லை.

தாழப் பறக்கவிட்டார். இல்லை. இன்னும் தாழ. இருபது நிமிஷம் தாங்கும் பேட்டரி அந்தக் குளிரில் ஏழாவது நிமிஷமே உயிரை விட்டது. ட்ரோன் ஆர்வோவின் விறகுக் குவியலில் விழுந்தது. தைஸ்தோ பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார். பதினோரு வருஷமாகக் கடக்காத ஏரி. கால் மணி நேரம்தான் ஆயிற்று.

தட்டுவதற்குள் கதவு திறந்தது. கோட்டு, தொப்பி, கையுறை சகிதம் ஆர்வோ.

"வந்துட்டியா? லேட்டு."

"இல்ல... புகையக் காணோமேன்னு..."

"பத்த வைக்கலய்யா. உன் கொசு தெனம் என் கூரையச் சுத்துதே, எதுக்குன்னு தெரிஞ்சுக்க வேணாமா? மூணு மணி நேரமா வெறைச்சுப் போயி உக்காந்திருக்கேன்."

"யோவ், நீ நெசமாவே செத்துக் கெடந்திருந்தா?"

"அப்பவும் முதல்ல கொசுவத்தான் அனுப்பியிருப்பே."

அடுப்பு பற்றியது, காபி கொதித்தது. இருவரும் பேசாமலே குடித்தார்கள். பதினோரு வருஷப் பழக்கம் ஒரு கோப்பையில் போய்விடுமா? கிளம்பும்போது ஆர்வோ தன் இடது காலின் கம்பளிக் காலுறையை உருவி, விறகுக் குவியலில் கிடந்த ட்ரோனின் சில்லிட்ட பேட்டரியை அதற்குள் போட்டு, இரண்டையும் நீட்டினார்.

"திருப்பிக் குடுத்துடணும். நீயே கொண்டா. கொசுகிட்ட குடுத்தனுப்பாதே."

மறுநாள் புகை வந்தது. வாசலில் ஆர்வோ நின்று, காலுறையில்லாத இடது காலைத் தூக்கி ட்ரோனுக்குக் காட்டினார். தைஸ்தோ அவசரமாகத் திருப்பிவிட்டார்.

இன்றோடு பதினேழு நாள். புகை வருகிறது, காலும் தூக்கப்படுகிறது. பனிச்சறுக்குக் கட்டைகள் கதவோரம் சாய்ந்தே நிற்கின்றன. பேட்டரி இப்போதெல்லாம் அக்குளில் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில், அந்தக் காலுறைக்குள் இருக்கிறது.