முழங்கால் உயரத்தில் ஒரு கையெழுத்து

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும் இரண்டாவது உரம் போட வேண்டும். பெரியப்பா மகன், என் அண்ணன், அதற்கு நாள் எண்ண மாட்டார். வரிசைக்குள் இறங்கி, செடியோடு காலை ஒட்டி வைத்துப் பார்ப்பார். "பசிக்குதுன்னு சொல்லுதுப்பா" என்பார். இருந்தது ஒன்றரை ஏக்கர்தான். அதைப் பிள்ளையைப் போல வளர்த்தார் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளை அவர் அவ்வளவு கவனித்ததில்லை.

ஒரு வருஷம் பயிர் பசித்து நின்றது. அவர் கையில் காசில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தயார். நிலம் உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும். தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். எனக்கு அவர் இரண்டு முறை போட்டிருக்கிறார், தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேண்ணே."

கேட்கவே இல்லை. அவர் கட்டாவிட்டால் என் தலையில் விழுமே என்ற பயம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் துப்பில்லை. இன்று, நாளை என்று இருபத்திரண்டு நாள் இழுத்தடித்தேன். பிறகு போட்டேன். பெரிய தர்மப்பிரபு!

சங்கத்தில் கடனில் பாதியை உர மூட்டையாகத்தான் கொடுப்பார்கள், திருப்பி எடுக்க மாட்டார்கள். அதற்குள் பயிர் தலைக்கு மேல் வளர்ந்து பூத்துவிட்டது. பூத்த பிறகு போட்டு என்ன பயன்? அண்ணனுக்குத் தெரியாததா? ஆனாலும் போட்டார். இலை கரும்பச்சையாக மினுங்கியது. கதிரை உரித்தால் பொக்கை வாய். பாதி விளைச்சல்கூடத் தேறவில்லை, கடன் மட்டும் முழுசாக நின்றது. அதை அடைக்க வெளியூர் போய் மூட்டை தூக்கினார். கடைசித் தவணையையும் அனுப்பிவிட்டு, அங்கேயே நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தார்.

அண்ணி நிலத்தை எனக்குக் குத்தகைக்கு விட்டார். எனக்குக் கடன் நேரத்துக்குக் கிடைத்தது, உரமும் நேரத்துக்கு விழுந்தது. அதே மண், அதே விதை, அவர் கடைசியாக எடுத்ததைப் போல இரண்டு மடங்கு. முன்னறை முழுக்க மூட்டை. அதைத் தாண்டி நடக்கவே எனக்குக் கூசுகிறது. வயலிலும் நிம்மதி இல்லை. நடுப்பகலில் செடியோடு காலை ஒட்டிப் பார்ப்பேன், அடுத்த வரிசையில் இலை சரசரக்கும். காற்று இருக்காது. நான் நிமிர மாட்டேன். பக்கத்தில் இன்னொரு கால் நின்றால் என்ன செய்வது?

நேற்று அண்ணி சங்கத்துத் தாளோடு வந்தார். இனி நிலத்தைத் தானே பயிரிடப் போகிறாராம். ஜாமீன் வேண்டுமாம். போட்டால் அந்த நிலம் என் கையை விட்டுப் போகும்.

"வீட்டுல ஒரு வார்த்தை..." என் நாக்கு தானாக ஆரம்பித்தது.

அண்ணி என்னையே பார்த்தார். "அந்த வருஷம் உங்கண்ணன் தினமும் வாசல்ல நின்னு உங்க வீட்டையே பாத்துட்டிருப்பாரு தம்பி. நான் திட்டுவேன். 'அவனுக்கு என்ன வேலையோ, வந்துருவான்'னு சொல்லுவாரு. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேச விட்டதில்ல."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"படிச்சுப் பாக்கலையா தம்பி?"

"இப்பவே குடுத்துடுங்க அண்ணி. சங்கம் மூடுறதுக்குள்ள போங்க."

அண்ணி போய்விட்டார். எதிர்வாசலை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.