ஜான்கி சாப்பிடாத காளான் கறி

கரும்பு வெட்ட வந்த இந்தியர்கள் தலைமுறைகளாக வாழும் தீவில், தவுவா என்ற ஊருக்கு வெளியே, கரும்புக்காட்டை ஒட்டிய வீட்டுக்கு மருமகளாக வந்த சுஷீலாவுக்கு வாய்த்த ஒரே துணை ஓரகத்தி ஜான்கிதான். புருஷனின் அண்ணன் ரவீந்திராவின் மனைவி. பெருமழை ஓய்ந்து, மார்ச் கடைசியில் வெயில் தணியத் தொடங்கியதும் இருவரும் கூடையோடு ஓடைக்கரை ஏறிவிடுவார்கள். புயலில் சாய்ந்து மக்கிய மாமரங்களில் வெள்ளைக் காளான் அடுக்கடுக்காகப் பூத்திருக்கும். சுஷீலா பறிப்பாள், ஜான்கி முகர்ந்து பார்த்துக் கூடையில் போடுவாள். ஆண்கள் வீடு திரும்புமுன் பாதிக் கறி சட்டியிலேயே தீர்ந்துவிடும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், யார் கனடா போகிறார்கள், யார் ஆஸ்திரேலியா போகிறார்கள் என்பதைத் தவிர கடைத்தெருவில் வேறு பேச்சில்லை. ரவீந்திரா வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் மெக்கானிக். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சிப்பாய்கள் இந்தியர் என்பதற்காகவே அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, நடுரோட்டில் முட்டி போட வைத்தார்கள். மறுவாரமே கனடாவுக்கு மனுப் போட்டார். அடுத்த மார்ச்சில் விசா வந்துவிட்டது. சுஷீலாவின் புருஷன் நரேந்திராவுக்கோ கரும்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர்களை எந்த நாடும் கூப்பிடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஜான்கி பெட்டி கட்டிக்கொண்டிருக்க, சுஷீலா தனியாக ஓடைக்கரைக்குப் போனாள். ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்தது. ஆனாலும் கூடை நிறையாமல் திரும்பவில்லை. மசாலா அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, ஜான்கிக்குப் பிடித்த பக்குவத்தில் இறக்கி, அவள் தட்டில்தான் முதலில் பரிமாறினாள்.

ரவீந்திரா எட்டிப் பார்த்தார். "ஜான்கி, அதத் தொடாதே."

"ஏன்?"

"காட்டுல மொளச்சது. நாளைக்கி ப்ளேன். வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எல்லாம் போச்சு."

"இத்தன வருசமாத் திங்கிறோம், மாமா," என்றாள் சுஷீலா.

"கோவிச்சுக்காதேம்மா. இந்த ஒரு தபா வேணாம்."

சுஷீலா ஜான்கியைப் பார்த்தாள். ஜான்கி கறியை முகர்ந்தாள். கண் கலங்கியது.

"நீ தனியாவா போயி பறிச்சே?" என்று கேட்டுவிட்டு, தட்டை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

சுஷீலா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். எல்லாரும் பார்த்திருக்க, ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தாள்.

காலையில் கார் வந்தது. ஜான்கி அவளைக் கட்டிக்கொண்டு காதருகே கேட்டாள்: "ராத்திரி ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலியே?"

அக்கறையோடுதான் கேட்டாள். அதைத்தான் சுஷீலாவால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல அக்கா. போய்ட்டு வாங்க."

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நிலத்தின் குத்தகையும் முடிந்தது. நில உரிமைக்காரர்களான பூர்வகுடியினர் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். நரேந்திரா லோவு என்ற ஊரில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கூலிக்குக் கரும்பு வெட்டி, அங்கேயே செத்துப்போனார்.

துக்கம் கேட்க வான்கூவரிலிருந்து ஜான்கி போன் செய்தாள். தமிழில் தொடங்கிய பேச்சு வழக்கம்போல தீவின் பொதுப்பேச்சான இந்திக்கு மாறியது. "நீயும் இங்க வந்துடேன்," என்றாள்.

"எனக்கெல்லாம் யாரு அக்கா விசா குடுப்பா?"

ஜான்கிக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு குழந்தை இங்கிலீஷில் கூப்பிட, "இரு, வந்துடறேன்," என்று சுஷீலாவிடம் சொல்லிப் போனாள்.

சுஷீலா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். வெகுநேரம் ஆகியும் ஜான்கி வரவில்லை. போனை வைத்துவிட்டு உலையேற்றப் போனாள்.