மனுவில் நான் சேர்த்த வரி

மிஷன் பள்ளியில் படித்த திமிர் எனக்கு அப்போது நிறையவே உண்டு. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சொற்களை இங்கிலீஷ்காரன் ஜோடி சேர்க்கிறானே, அதன் மேல் தனிப் பைத்தியம். காதைச் செவிடாக்கும் மௌனம், கொடூரமான அன்பு என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். மதுரையில் சர்க்கார் குமாஸ்தா ஆன பிறகும் அந்தப் பித்து தெளியவில்லை.

எங்கள் ஆபீஸ் பியூன் அலங்காநல்லூர்க்காரர், என்னைவிட மூத்தவர். சூப்பிரண்டு அவரைத் தன் வீட்டுக்குத் தண்ணீர் இறைக்கவும் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்தக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பியூனுக்குக் கை ஒடிந்துபோனது. சூப்பிரண்டோ, ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான் என்று எழுதிவிட்டார். துரைக்கு மனு எழுதித் தரும்படி பியூன் என்னிடம் வந்தார். நடந்ததை எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அழகாக இருக்கட்டுமே என்று, பியூன்களை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது இங்கே ஒரு ‘ஓப்பன் சீக்ரெட்’ என்று சேர்த்தேன். ஊருக்கே தெரிந்த ரகசியம் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் துரை என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன? அந்த வரியின் கீழே சிவப்பு மைக்கோடு.

“ரகசியம் என்றால் உனக்கு எப்படித் தெரிந்தது? ஊருக்கே தெரியும் என்றால் இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

நிதானமாகத்தான் கேட்டார். பக்கத்தில் சூப்பிரண்டு நின்றுகொண்டிருந்தார். வீட்டில் கைக்குழந்தை. எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் வேலை போய்விடும்.

“எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. அர்த்தம் தெரியாமல் எழுதிவிட்டேன். யாரும் வீட்டு வேலை செய்து நான் பார்த்ததில்லை” என்றேன்.

அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒரு பிழை இல்லாத இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரமே பியூனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அதன் பிறகு தெருவில் இறங்கவே பயந்தேன். அவர் தலை தெரிந்தால் எந்தச் சந்தில் நுழையலாம் என்று பார்த்தபடியே நடப்பேன். கோரிப்பாளையத்தில் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டேன். கழுத்தில் கட்டிய துணியில் அவர் கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“மனுவக் குடுத்த அன்னிக்கே தொரை எம்புட்டோ மிரட்டிப் பாத்தாருங்கய்யா. மனு எழுதுனது யாருன்னு நான் வாயவே தொறக்கல. நீங்க பயப்படாம இருங்க.”

“சரிண்ணே” என்றேன். உண்மையைச் சொல்ல அப்போதும் பயமாகத்தான் இருந்தது.