சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் கண்ணுக்குத் தெரியாத மற்றதும் போகாது, உள்ளேயே தங்கிவிடும். இதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பாய்லர் அறையில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வுக்குப் போனபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

தண்ணீர் ஆவியாக ஆக, பாய்லருக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் கெட்டியாகிக்கொண்டே போகும். அப்படியே விட்டால் இரும்புக் குழாய்களின் மேல் வெள்ளையாகப் படிந்து, ஒருநாள் குழாய் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் அடி வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். ப்ளோ டவுன் என்போம். திறந்தால் பக்கத்தில் நிற்பவன் பேச்சு நமக்குக் கேட்காது, அவ்வளவு இரைச்சல். நேரத்தைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு ஷிப்டுகூடத் தவறவிட்டது கிடையாது. மேலதிகாரிகள் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள். எனக்கும் தலைகால் புரியாது.

வீடு சூளகிரிக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில். எழுபதுகளின் கடைசியில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் முழுக்க ஒரே கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது. படி இறங்கி மொள்ளும் கிணறு. ஆடும் இறங்கும், மனிதரும் இறங்குவோம். எங்கள் முதல் பிள்ளை அந்தத் தண்ணீரில்தான் போனான். இரண்டு வயது. காலையில் வாந்தி, மத்தியானம் பேதி, கிருஷ்ணகிரி பஸ்ஸில் என் மடியிலேயே அடங்கிவிட்டான். அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டு வந்தோம். என் மனைவி அழவில்லை. கிணற்றுப் பக்கம் போவதை மட்டும் விட்டுவிட்டாள்.

மகள் பிறந்த வருஷம் ஊருக்குப் போர் போட்டார்கள். கருங்கல்லைக் குடையக் குடையப் பொடியாக வெளியே வந்துகொண்டேயிருந்தது, தண்ணீரைக் காணோம். கடைசியில் அது பீய்ச்சி அடித்தபோது ஊரே நனைந்தது. கைபம்பு வைத்தார்கள். அப்படி ஒரு தெளிவான தண்ணீரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டம்ளரின் அடியில் ஒரு எழுத்தை வைத்தால் மேலிருந்து படித்துவிடலாம். பக்கத்து ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் குடத்தோடு சைக்கிளில் வந்தார்கள்.

எல்லோரும் நம்பிய தண்ணீரை என் மனைவி மட்டும் நம்பவில்லை. ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவளுக்குத் தெளிவாவது ஒன்றாவது. அப்போதுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகும், நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொடு, ஒன்றும் ஆகாது என்றேன். அவள் பிறந்தது ஜவளகிரி. காட்டோர ஊர். அங்கே காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கஷாயம்தான். கஷாயம் என்றால் இரண்டு படி ஒரு படியாக வற்ற வேண்டும், வற்ற வற்றத்தான் வீரியம். தண்ணீரையும் அவள் அப்படியே காய்ச்சினாள். விடியற்காலையில் அலுமினியக் குண்டானில் நிறைய ஏற்றுவாள். சமையல் முடிந்த பிறகும் அடுப்புத் தணலில் அது கிடக்கும். பாதியாக வற்றினால்தான் இறக்குவாள். ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மகளுக்கென்று தனிக் கூஜாவில் ஊற்றி மூடிவைப்பாள். பள்ளிக்கூடம் போன பிறகு பாட்டிலில் கொடுத்தனுப்பினாள். வெளியில் ஒரு மடக்கு குடிக்கக் கூடாது என்று சத்தியமே வாங்கியிருந்தாள்.

ஊர்ப் பெண்கள் கேலி பேசினார்கள். தண்ணீரில் ரசம் வைக்கிறாயா என்று கேட்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்ததில்லை. பாய்லர் அறையில் சாப்பாட்டு நேரத்தில், என் வீட்டிலும் ஒரு பாய்லர் ஓடுகிறது என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் சொன்ன வார்த்தை அது. அதே நாளில் போய் ப்ளோ டவுன் வால்வையும் திறந்திருப்பேன். ஒன்றையும் மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அறிவு வேலை செய்யும் இடத்திலேயே கார்டைக் குத்திவிட்டு நின்றுவிடும்போலிருக்கிறது.

மகளுக்குப் பால் பற்கள் அரிசி மாதிரி இருந்தன. ஏழு வயதில் அவை விழுந்து புதுப் பற்கள் வந்தபோது சுண்ணாம்பு பூசியதுபோல் வரிவரியாக வந்தன. ஒரு வருஷத்தில் அந்த வரி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிட்டது. ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் இவளுக்கு அளவில் அதிகம். என் மனைவி கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். ஈறில் ரத்தம் வந்ததே தவிர கறை போகவில்லை. குழந்தை வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

பிறகு கால். ஒன்பது வயதில் நடக்கும்போது முட்டியோடு முட்டி இடித்தது. நிற்கச் சொன்னால் முட்டிகள் ஒட்டிக்கொள்ளும், பாதங்கள் ஒரு சாண் விலகி நிற்கும். சூளகிரியில் மாத்திரை கொடுத்தார்கள். கட்டுப் போடுகிறவர் எண்ணெய் கொடுத்தார். தர்காவில் கயிறு கட்டினோம். பள்ளிக்கூடத்துக்கு ஹைவேயைத் தாண்ட வேண்டும். லாரி வருவதற்குள் தாண்டிவிட முடியவில்லை என்று ஒருநாள் அழுதுகொண்டே பாதியில் திரும்பி வந்தாள். அதோடு படிப்பு நின்றது.

கடைசியில் பெங்களூருக்கு அழைத்துப் போனோம். எல்லையில் ஜூஜுவாடி தாண்டியதும் பஸ் பலகைகளெல்லாம் கன்னடமாக மாறின. மகள் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி, அவளுக்குத் தெரிந்த அளவு கன்னடத்தில் படித்துக்கொண்டே வந்தாள். அன்று அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். கால் நேராகப் போகிறது என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்தார். எலும்பு நல்ல வெள்ளையாக, தடியாகத் தெரிந்தது. எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறதே சார் என்றேன். அந்த வெள்ளைதான் வியாதி என்றார் அவர். பிறகு எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். போர் என்றேன். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். நாங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி அப்படியே கொடுப்பதில்லை, பாதியாகச் சுண்டக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம், பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்றாள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவள் மாதிரி சொன்னாள். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று நர்ஸோடு இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, என்ன வேலை செய்கிறேன் என்று என்னைக் கேட்டார்.

பாய்லர் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மேற்கொண்டு சொன்னதெல்லாம் அதிகப்படி.

ஆனாலும் சொன்னார். எங்கள் பக்கத்துக் கருங்கல்லில் ஃப்ளோரைடு என்று ஒன்று இருக்கிறதாம். ஆழத்தில், வெகுகாலம் கல்லோடு கிடந்த தண்ணீரில் அது கரைந்திருக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. கிருமி என்றால் கொதித்தால் சாகும், இது உயிரே இல்லாதது, எதைக் கொண்டு சாகும்? தண்ணீர் பாதியாக வற்றினால் இது இரண்டு மடங்காகும். புதுப் பற்கள் ஏழு வயதில்தான் வெளியே வருகின்றன, ஆனால் இரண்டு மூன்று வயதிலேயே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அன்று குடித்தது அன்றே அதில் எழுதப்பட்டுவிட்டது. இன்னொன்றும் சொன்னார், அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். தாய் எவ்வளவு கெட்ட தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் இது ஏறுவதே இல்லை என்று சொல்லிவிடலாமாம். அவளுடைய உடம்பே வடிகட்டியிருக்கிறது. ஒன்றரை வயதானவளுக்குப் பால் என்ன, நிறுத்து என்று அவளிடம் சொன்னவனும் நான்தான்.

கேழ்வரகில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் காப்பாற்றியிருக்கும் என்றார். கம்பெனிச் சம்பளம் வந்ததும் களியை விட்டு மூன்று வேளையும் அரிசிச் சோற்றுக்கு மாறிய வீடு எங்களுடையது. அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இனிச் சரியாகுமா என்றேன். எலும்பில் ஏறியது இறங்காது, இனி மேலும் ஏறாமல் பார்க்கலாம், வளர்ந்து முடிந்ததும் வெட்டி நிமிர்த்த முடியுமா என்று யோசிக்கலாம், நம்பிக்கை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள். அந்தத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், வேறு தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னேன். காய்ச்சியதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளையைக் காய்ச்சாத தண்ணீரால் இழந்தவளிடம், இன்னொன்றைக் காய்ச்சியே கெடுத்தோம் என்று எந்த வாயால் சொல்வது? இப்படி நினைத்து அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் பயம். காய்ச்சச் சொன்னது யார் என்று அவள் கேட்டுவிடுவாள் என்ற பயம்.

கம்பெனி கேன்டீனுக்கு அணைத் தண்ணீர் வந்தது. தினமும் ஒரு கேன் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். அதையும் அவள் பாதியாகச் சுண்டக் காய்ச்சினாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஏழெட்டு மாதம் அப்படி ஓடியது. கேட்டில் வாட்ச்மேன் மாறினார். ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும், தண்ணீரானாலும் கம்பெனிப் பொருள் என்று நிறுத்திவிட்டார்கள். பஞ்சாயத்தில் மனு கொடுத்தேன். ஒரு ஆள் வந்து தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போனார். பிறகு கைபம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள், குடிக்காதே என்று அர்த்தம். வேறு எதைக் குடிப்பது என்று பெயிண்ட் சொல்லவில்லை. பழைய கிணறு போர்கள் பெருகியதில் எப்போதோ வற்றிவிட்டது. ஊரார் சிவப்புப் பம்பிலேயே அடித்துக் குடித்தார்கள். இரண்டு மழையில் பெயிண்டும் உரிந்துவிட்டது.

மனு, பெயிண்டுக்கெல்லாம் முன்பு, கேன் நின்ற மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மனைவி பம்பில் அடித்துவந்த குடத்தைக் குண்டானில் கவிழ்க்கப் போனாள். இனியும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை.

"காய்ச்சாத," என்றேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். குண்டானைக் கொண்டுவந்து என் முன்னால் சாய்த்துப் பிடித்தாள். அடியில் வெள்ளையாக ஒரு படிவு. பாய்லர் குழாயில் எத்தனையோ முறை நான் பார்த்தது. என் வீட்டுக் குண்டானுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இத நான் சொரண்டிப் போடறேங்க. பாத்திரத்துல ஒட்டுனத சொரண்டிட்டேன். ஒட்டாதது எங்க போயிருக்கும்னு, அந்த டாக்டரு பேசாம உக்காந்திருந்தாரு பாருங்க, அன்னிக்கே எனக்குத் தோணிப்போச்சு."

"அப்புறம் ஏன் காய்ச்சின?"

"கேன் தண்ணிதானேன்னு இருந்தேன். காய்ச்சாம குடுக்கவும் எனக்குக் கை வரல."

காய்ச்சச் சொன்னது யார் என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் திட்டியிருந்தால் அந்த வீட்டில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

உள்ளேயிருந்து மகள் தண்ணீர் கேட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். காய்ச்சினால் இரண்டு மடங்கு. காய்ச்சாவிட்டால் ஒரு மடங்கு. அந்த வீட்டில் இருந்தது அவ்வளவுதான். அப்படியே கொடு என்று தலையை அசைத்தேன். குடத்திலிருந்து டம்ளரில் மொண்டாள். கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மகள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள். பத்து வருஷமாக அவள் வீட்டில் குடித்ததெல்லாம் செத்துப்போன தண்ணீர், துணி வாசனை அடிக்கிற தண்ணீர். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வாயை மூடிக்கொள்ள மறந்துபோய், பல்லெல்லாம் தெரிய எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"சில்லுனு எவ்ளோ நல்லா இருக்குது அத்தா. இன்னொரு டம்ளர் குடுக்கச் சொல்லுங்க."