காவிரிப் பாலம் ஏறாத பந்தயம்

இன்று காலை சைக்கிள் கடையில் ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தின் வழிப்படத்தை ஒட்டியிருந்தார்கள். மணப்பாறையிலிருந்து வருகிறவர்கள் மலைக்கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். காவிரிப் பாலம் ஏறவே இல்லை.

"ஸ்ரீரங்கம் வரும்னு சொன்னாங்களே, என்னங்க ஆச்சு?" என்றேன்.

"சித்திரை வீதியில ஜட்கா வண்டியும் கூட்டமும் ஜாஸ்தியாம். எடுத்துட்டாங்க" என்றார் கடைக்காரர்.

என் நண்பன் சம்பத் அந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறான். சித்திரை வீதியில்தான் அவன் வீடு. அவன் அப்பாவுக்குப் பக்கவாதம். மகன் போவதைப் பார்க்கட்டும் என்று நேற்றுதான் அவர் கட்டிலை வீதி ஜன்னலோரம் நகர்த்திப் போட்டோம்.

நேரே அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கட்டில் இங்கேயே இருக்கட்டும்டா. காத்து நன்னா வரது" என்றார்.

கூட்டம் வேண்டாமென்று பந்தயம் நடத்துகிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன். நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?